மீத்தேன் கணக்கும் பால் கணக்கும்

சேலம், நாமக்கல் சமவெளியில் கறவை மாட்டின் தீவனத்தோடு சேர்க்கப்படும் எந்தப் பொருளும், அது தூளோ கட்டியோ திரவமோ எதுவாயினும், நிலைபெற்றதா மறைந்ததா என்பதை இறுதியில் முடிவுசெய்தது கிராமத்துப் பால் சங்கத்தின் ஏடுதான். அந்த ஏட்டில் மாட்டுக்காரரின் பெயருக்கு நேரே லிட்டரும், கொழுப்பும், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் அளவாகிய டிகிரியும் எழுதப்படுகின்றன. மீத்தேனுக்கு அதில் இடமில்லை. ஆத்தூர், இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர் வட்டாரங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் தீவனம் பற்றியும் கால்நடை நலம் பற்றியும் ஆலோசனை கூறி வந்தவர்களின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்க்கும்போது, மாட்டின் வயிற்று நொதித்தலை மேம்படுத்தும் சேர்மானங்களின் வரலாறு ஆய்வகத்தில் எழுதப்பட்டதைவிட இந்த ஏட்டில்தான் தெளிவாக எழுதப்பட்டுள்ளது என்பது விளங்கும்.

மாட்டின் நான்கறை வயிற்றில் முதலாவதும் பெரியதுமான பெருவயிற்றில், ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றில்லாச் சூழலில், ஒரு மில்லிலிட்டர் நீருக்கு ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. சோளத்தட்டிலும் வைக்கோலிலும் உள்ள நாரை அவை உடைக்கும்போது அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்னும் கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. மாடு உயிர்வாழ்வதும் பால் சுரப்பதும் பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான். அசிட்டிக் அமிலம் உருவாகும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது, புரோப்பியானிக் அமிலம் உருவாகும்போது அது செலவாகிறது. எஞ்சும் ஹைட்ரஜனை ஆர்க்கியா என்னும் தொன்மையான நுண்ணுயிரிகள் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குகின்றன. அவ்வாயு ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. நூறாண்டு அளவில் கணக்கிட்டால் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. ஹைட்ரஜன் வயிற்றில் தேங்கினால் நொதித்தலே மந்தப்படும் என்பதால், மீத்தேனைக் குறைக்க முனையும் எவரும் அந்த ஹைட்ரஜன் வேறெங்கே போகும் என்ற கேள்விக்கு முதலில் விடை வைத்திருக்க வேண்டும். இத்துறையில் விற்கப்பட்ட சேர்மானங்களில் பலவற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே தரம்பிரித்துவிடலாம்.

1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்தபோது அதன் ஓர் உறுப்பாயிற்று. அக்காலத்தில் இப்பகுதியின் பேச்சு முழுவதும் வறட்சித் தீவனத்தைப் பற்றியே இருந்தது. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப்புகாமல் மூடி, 21 நாள் வைத்திருந்து மாட்டுக்குக் கொடுக்கும் முறை அப்போது நாடெங்கும் பரப்பப்பட்டது. யூரியாவிலிருந்து பிரியும் அம்மோனியா நாரை இளக்கும், வைக்கோலின் புரதமதிப்பு ஏறக்குறைய இருமடங்காகும் என்பவை உண்மையே. ஆயினும் செயல்விளக்கம் நடந்த ஊர்களிலேயே அடுத்த ஆண்டு அம்முறை தொடரவில்லை. ஏனெனில் வைக்கோல் போரைப் பிரித்து, தண்ணீர் சுமந்து, மீண்டும் அடுக்குவதற்கான ஆள்கூலியும், தண்ணீர் அரிதான கோடையில் அதற்கென ஒதுக்க வேண்டிய குடங்களும், யூரியா என்றால் மாட்டுக்கு நஞ்சு என்ற நியாயமான அச்சமும் சேர்ந்து, கிடைக்கக்கூடிய கூடுதல் பாலைவிடப் பெரிய சுமையாயின. அதே காலத்தில் வந்த யூரியா, சர்க்கரைப்பாகு, தாது உப்பு சேர்ந்த நக்குகட்டியும் பரவலாகவில்லை. மோகனூரில் சர்க்கரை ஆலை இருந்தும், அதன் கழிவுப்பாகு சாராயம் காய்ச்சப் பயன்படக்கூடும் என்பதால் மதுவிலக்கு ஆயத்தீர்வைக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தமையால், தீவனத்துக்கென அதைத் தாராளமாக வாங்க முடியாத நிலை அதற்கு ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று எந்தத் திட்டமும் இன்றி, எவர் கவனத்துக்கும் வராமல் நிகழ்ந்தது. மரச்செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கிலும் எள்ளுப் புண்ணாக்கிலும் பத்து விழுக்காட்டை ஒட்டிய எண்ணெய் எஞ்சியிருந்தது. அரைத்துக் கரைத்து வைக்கப்பட்ட பருத்திக்கொட்டையில் அதனினும் மிகுதியாக இருந்தது. செக்குகள் குறைந்து, கரைப்பான் கொண்டு எண்ணெயைப் பிரிக்கும் ஆலைகள் பெருகியபோது, ஒரு விழுக்காட்டளவே எண்ணெய் தங்கிய புண்ணாக்கும் எண்ணெய் நீக்கிய தவிடும் கடைக்கு வந்தன. எண்ணெய் பெருவயிற்றில் நொதிப்பதில்லை. அதன் ஒரு பகுதி ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்கிறது, மீத்தேனாக்கும் உயிரிகளோடு நெருங்கி வாழும் புரோட்டோசோவாக்களையும் அது குறைக்கிறது. தீவன உலர்பொருளில் எண்ணெய் ஒரு விழுக்காடு கூடினால் மீத்தேன் மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை குறையும் என்பது பல நாட்டு ஆய்வுகளின் பொதுமுடிவு. மொத்த எண்ணெய் ஆறு விழுக்காட்டைத் தாண்டினால் நார் செரிப்பது கெடும் என்பதும் அவற்றோடு சேர்ந்த எச்சரிக்கை. ஆகவே பழைய செக்குப் புண்ணாக்கு, யாரும் அப்பெயரிட்டு அழைக்காதபோதும், ஒரு மீத்தேன் குறைப்புச் சேர்மானமாகவே இருந்தது. பிற்காலத்தில் கொழுப்புத்தூளைப் பையில் அடைத்து விற்றபோது, செக்கோடு போனதைத்தான் விலைகொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்று இராசிபுரம் பக்கத்து முதிய விவசாயிகள் கூறியது பாதியளவே சரி. ஏனெனில் இத்தூள்களில் பெரும்பாலானவை பெருவயிற்றில் கரையாமல் கடந்துபோகும்படி செய்யப்பட்டவை, அதனால் பாலின் கொழுப்புக்கு உதவினாலும் மீத்தேனை அவை தொடுவது குறைவு.

இவ்வட்டாரத்துக்கே உரிய தீவனம் மரவள்ளித் திப்பி. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கை அரைத்து மாவுப்பாலைப் பிரித்தபின் எஞ்சும் சக்கையாகிய திப்பியில் இன்னும் பாதிக்கு மேல் மாவுச்சத்தே இருக்கும், புரதமோ 2 விழுக்காட்டளவுதான். மாவுச்சத்து விரைந்து நொதித்துப் புரோப்பியானிக் அமிலத்தை மிகுவிப்பதால், திப்பி தின்னும் மாடு, தட்டு மட்டும் தின்னும் மாட்டைவிடக் கிலோ தீனிக்குக் குறைவான மீத்தேனையே வெளியிடும். ஆனால் ஆலைகள் ஓடும் மாதங்களில் விலை மலிவாக இருக்கிறதென்று கூடைக்கணக்கில் வைத்த வீடுகளில் நடந்தது வேறு: பெருவயிற்றின் அமிலத்தன்மை கூடி, நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் ஒடுங்கி, மாடு அசைபோடுவதை நிறுத்தி, சாணம் இளகிப் புளித்த வாடை வீசும், முதலில் குறைவது சங்கத்து ஏட்டிலுள்ள கொழுப்பு அளவு, சில மாதங்களில் குளம்பும் நோகத் தொடங்கும். இத்தகைய மாட்டிலும் மீத்தேன் குறைந்துதான் இருக்கும். மீத்தேன் அளவு ஒன்றை மட்டும் வைத்துப் பெருவயிற்றின் நலத்தை மதிப்பிடுவது எவ்வளவு பிழை என்பதை இப்பகுதியின் மருத்துவர்கள், மீத்தேன் என்ற சொல் இங்கே புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, திப்பி தின்ற மாடுகளிடம் கண்டிருந்தனர்.

இதே அமில மிகுதி ஒரே நாளில் கடுமையாகத் தோன்றுவது மாட்டுப் பொங்கலை ஒட்டித்தான். பூசை முடிந்து அன்போடு ஊட்டப்படும் பொங்கலும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும் சில கிலோ அளவில் உள்ளே சென்றால், லாக்டிக் அமிலம் பெருகி, மாடு வயிறு உப்பி, கண் குழிந்து, எழ முடியாமல் படுத்துவிடும். சோடா உப்புக் கரைசல், சிரைவழி நீர்மம் என்று முதலுதவி செய்தபின், நலமான மாட்டின் பெருவயிற்று நீரைப் பெற்று நோயுற்ற மாட்டுக்குப் புகட்டுவது மருத்துவர்கள் கையாண்ட வழி. அழிந்துபோன நுண்ணுயிர்க் குடியை மீண்டும் குடியேற்றுவதே அதன் நோக்கம். பெருவயிற்றைப் பற்றிய அடிப்படைப் பாடத்தை விவசாயிகள் புரிந்துகொண்டது கருத்தரங்குகளைவிட இத்தகைய சிகிச்சைகளின்போதுதான். நாளொன்றுக்கு நூறு, நூற்றைம்பது கிராம் சோடா உப்பைத் திப்பியோடு கலந்துவைக்கும் பழக்கம் இவ்வாறு பரவி, எந்த நிறுவனத்தின் விளம்பரமும் இன்றி நிலைத்தது. மலிவும், இரண்டே வாரத்தில் கொழுப்பில் தெரிந்த பலனும் அதற்குப் போதுமான பரிந்துரையாயின.

மரவள்ளியின் இலையிலும் கிழங்குத் தோலிலும் உள்ள லினாமரின் என்னும் பொருள், பெருவயிற்று நுண்ணுயிரிகளாலேயே உடைக்கப்பட்டு ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகிறது என்பதையும் இங்கே சேர்த்துக் கூற வேண்டும். அறுவடைக் காலத்தில் வயலில் கிடக்கும் தழையைப் பசியோடு மேய்ந்த ஆடுமாடுகள் சில நிமிடங்களில் மூச்சுத்திணறி விழுவதும், சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குக் கிடைத்தவை எழுந்து நிற்பதும் இவ்வட்டார மருத்துவர் அனைவரும் அறிந்தவை. தழையை நன்கு உலர்த்தியபின் கொடுத்தால் நஞ்சு பெருமளவு நீங்குகிறது. நொதித்தலைத் தூண்டும் பொருள் எல்லாம் நன்மையே செய்யும் என்று எண்ணுவோருக்கு, நொதித்தலே நஞ்சை விடுவிக்கும் இந்த எடுத்துக்காட்டு ஒரு தடை.

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது அது ஏற்கெனவே நாட்டின் முட்டைத் தலைநகரங்களுள் ஒன்றாக இருந்தது. கோழித்தீவனத்துக்காக உருவான சேர்மானச் சந்தை, அதன் விற்பனையாளர்கள், பரிசோதனைக்கூடங்கள் ஆகிய அனைத்தும் மெல்ல மாட்டுத்தீவனத்தின் பக்கமும் திரும்பின. மோனென்சின் இதற்குச் சரியான சான்று. கோழிகளின் இரத்தக்கழிச்சலைத் தடுக்க அமெரிக்காவில் 1971-இல் அனுமதி பெற்ற இம்மருந்து, ஹைட்ரஜனை வெளியிடும் பாக்டீரியாக்களை ஒடுக்கிப் புரோப்பியானிக் அமிலத்தைக் கூட்டுகிறது என்று கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளில் இறைச்சி மாடுகளுக்கும் 2004-இல் அங்குள்ள கறவை மாடுகளுக்கும் வந்தது. மீத்தேன் ஓரளவு குறையும். ஆனால் நுண்ணுயிரிகள் பழகிவிடுவதால் அப்பலன் நீடிப்பது உறுதியில்லை, பாலின் கொழுப்பும் சற்றுக் குறையும். கொழுப்புக்கு விலை கிடைக்கும் ஊரில் அது விலைபோகவில்லை என்பதில் வியப்பில்லை. குதிரைக்கு அது கொடிய நஞ்சு என்பதும், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தீவனத்தில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் தடைசெய்ததும், இந்தியா 2019-இல் கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கால்நடைகளுக்கு விலக்கியதும் சேர்ந்து, அவ்வழியே போவதற்கான வாய்ப்பைக் குறைத்தன. அவ்விடத்தை ஈஸ்ட் பிடித்துக்கொண்டது. உயிருள்ள ஈஸ்ட் பெருவயிற்றில் நுழையும் சிறிதளவு ஆக்சிஜனை உறிஞ்சி, நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு உதவி, அமிலத்தன்மையைச் சீராக்குகிறது. கோடை வெப்பத்தில் தீனி குறையும் கலப்பினப் பசுக்களில் இதன் பலன் தெரிந்தது. மீத்தேனைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, எனவே அந்தப் பெயரில் ஈஸ்டை விற்பது மிகையான கூற்று. வெயிலில் நிற்கும் கடைகளில் மாதக்கணக்கில் கிடந்த பைகளில் எத்தனை உயிர் எஞ்சியிருக்கும் என்ற ஐயமும் அனுபவசாலிகளிடம் எப்போதும் இருந்தது.

தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் 2011-12-இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டத்தின்கீழ் சமச்சீர் தீவனத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சேர்மானம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வந்தது. மாட்டின் எடை, பால், கொழுப்பு, வீட்டில் உள்ள தட்டு, புண்ணாக்கு ஆகியவற்றைக் கணினியில் இட்டால், குறைவது புரதமா தாது உப்பா என்று காட்டி, மலிவான கலவையை அது பரிந்துரைத்தது. இச்சமவெளியில் பெரும்பாலும் கண்டது ஒரே முறைதான்: திப்பியும் தவிடும் மிகுதி, புரதமும் தாது உப்பும் குறைவு. வேலிமசாலோ அகத்தியோ கிளைரிசிடியாவோ சில கட்டு, நாளொன்றுக்கு ஐம்பது கிராம் அளவில் தாது உப்புக் கலவை, சிறிது கடலைப் புண்ணாக்கு என்று திருத்தியபோது, தீவனச் செலவு பெரிதாகக் கூடாமல் பால் கூடியது. இதனால் ஒரு மாடு நாளொன்றுக்கு வெளியிடும் மீத்தேன் மாறாமலோ சற்றுக் கூடியோ இருக்கலாம். ஆனால் ஒரு லிட்டர் பாலுக்கு உரிய மீத்தேன் குறைகிறது என்று வாரியத்தின் களஆய்வுகள் காட்டின. இரண்டு கணக்குகளும் வேறுவேறு என்பதை மறைத்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொல்வது இன்றைய விளம்பரங்களில் அடிக்கடி காணப்படும் குறை.

பெங்களூருவில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டவியல், உடலியங்கியல் நிறுவனம் 2021-இல் அறிமுகப்படுத்திய ஹரித் தாரா, டானின் எனப்படும் துவர்ப்புச் சத்துடைய தாவரப் பொருள்களைக் கொண்டது. மீத்தேனை 17 முதல் 20 விழுக்காடு வரை குறைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கு முன்பு புளியங்கொட்டைத் தோலைப் பயன்படுத்தியும் அது இவ்வழியில் முயன்றிருந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளில் புளியங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. வெள்வேலங்காயையும் கருவேலங்காயையும் தின்று வளரும் சேலம் கருப்பு வெள்ளாடுகளுக்கு டானின் புதியதும் அன்று. டானின் புரதத்தைப் பிணைத்துப் பெருவயிற்றில் சிதையாமல் காத்து, பின்னர்க் குடலில் விடுவிக்கும். மீத்தேனாக்கும் உயிரிகளையும் ஒடுக்கும். ஆனால் பிணைப்பதற்கு மிகையான புரதம் தீவனத்தில் இருந்தால்தான் இது ஆதாயம். பசும்பயறு வகைத் தீவனம் உண்ணும் மாட்டுக்கு நன்மை செய்யும் அதே அளவு டானின், சோளத்தட்டும் திப்பியும் தின்று ஏற்கெனவே புரதப் பசியில் இருக்கும் மாட்டின் நார் செரிமானத்தைக் கெடுக்கக்கூடும். அப்போதும் மீத்தேன் குறையும். தீனி செரிக்காததால் குறைந்த மீத்தேன் அது. அறிக்கையில் இரண்டும் ஒரே எண்ணாகவே தோன்றும் என்பதால், சாணத்தைக் கையிலெடுத்து நசுக்கி, அதில் நார் எவ்வளவு நீளமாக எஞ்சியிருக்கிறது என்று பார்க்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

அளவீடு பற்றியும் இவ்விடத்தில் கூற வேண்டும். பெரும்பாலான சேர்மானங்களின் முதல் சான்று, கண்ணாடி ஊசிக்குழாயில் பெருவயிற்று நீரையும் தீவனத்தூளையும் இட்டு, 39 பாகையில் 24 மணிநேரம் வைத்துக் காற்றை அளக்கும் சோதனைதான். மூலிகை எதை இட்டாலும் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் அக்குழாயில் மீத்தேன் குறைந்துவிடும். மாட்டின் வயிற்றிலோ நீர் ஓயாமல் மாறுகிறது, நுண்ணுயிரிகள் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. மூச்சறை எனப்படும் அடைத்த அறையில் மாட்டை நிறுத்தியோ, கந்தக ஹெக்சாஃபுளோரைடு என்னும் தடங்காட்டி வாயுவைப் பெருவயிற்றில் வைத்தோ அளப்பதுதான் உறுதியான வழி. இரண்டும் செலவு மிக்கவை, விவசாயியின் தொழுவத்துக்கு வராதவை. குழாயில் கண்ட விழுக்காட்டைப் பையின்மேல் அச்சிடும் வழக்கமே இத்துறையின் மீது நம்பிக்கையின்மையை வளர்த்தது.

உலகளவில் இன்று பெரிதும் பேசப்படுபவை இரண்டு. 3-நைட்ராக்சிபுரோப்பனால் என்னும் வேதிப்பொருள், மீத்தேன் உருவாவதன் கடைசிப் படியிலுள்ள நொதியை நேரடியாகத் தடுத்து, கறவை மாடுகளில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைப்பைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் இதற்கு வழிவிட்டன. மற்றொன்று அஸ்பராகாப்சிஸ் என்னும் செம்பாசி. அதிலுள்ள புரோமோஃபார்ம் இதைவிடக் கூடுதலான குறைப்பைக் காட்டியுள்ளது, எனினும் அதன் நச்சுத்தன்மையும் பாலில் ஏறும் அயோடினும் விவாதத்தில் உள்ளன. மண்டபம் கடற்பகுதியில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் வேறொரு பாசி என்பதால், கடற்பாசித் தூள் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் பயனில்லை. முதற்சொன்ன வேதிப்பொருள் பெருவயிற்றில் விரைவில் சிதைவதால், நாள் முழுதும் உண்ணும் தீவனத்தில் சீராகக் கலந்திருக்க வேண்டும். கறக்கும் வேளையில் இருமுறை மட்டும் புண்ணாக்கும் தவிடும் தண்ணீரில் கரைத்து வைத்து, மற்ற நேரமெல்லாம் தட்டைப் போடும் தொழுவத்துக்கு அது இன்னும் பொருந்தவில்லை.

இவை அனைத்தையும் சேர்த்து எண்ணும்போது, விவசாயி ஏன் மீத்தேன் குறைப்பைக் கேட்டு வாங்குவதில்லை என்பதற்கு எளிய கணக்கு ஒன்று விடை தருகிறது. ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் மீத்தேனை வெளியிடுகிறது என்று கொண்டால், அதிலுள்ள ஆற்றல் சுமார் 8 மெகாஜூல். இரண்டரை லிட்டர் பாலில் அடங்கிய ஆற்றலுக்கு இது நிகர். இந்த ஒப்பீட்டைக் காட்டித்தான் சேர்மானங்கள் விற்கப்படுகின்றன. ஆனால் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் மிச்சமாவது அரை லிட்டருக்குரிய ஆற்றலே. அதிலும் ஒரு பகுதி உடல் வெப்பமாகவும் சதையாகவும் போய், எஞ்சியதுதான் மடிக்கு வரும். வெயில், சினைப்பருவம், கறப்பவரின் கை ஆகியவற்றால் அன்றாடம் ஏறியிறங்கும் பாலளவில் இந்தச் சிறு மிகுதி சங்கத்து ஏட்டில் கண்ணுக்குத் தெரியாது.

எனவே இச்சமவெளியில் மீத்தேன் குறையக்கூடிய வழிகள் இரண்டாகப் பிரிகின்றன. பாலும் கொழுப்பும் கூடுவதால் தானாகவே நிலைக்கக்கூடியவை முதல் வகை: புரதத்தையும் தாது உப்பையும் ஈடுசெய்தல், எண்ணெய் எஞ்சிய புண்ணாக்கை அளவோடு சேர்த்தல், திப்பிக்கு ஈடாகப் பசுந்தழையும் சோடா உப்பும் வைத்தல், சினைப்பிடிப்பைச் சீராக்கி மாடுகள் பால் தராத காலத்தைக் குறைத்தல். இவற்றுக்குத் தேவை ஆலோசனையும் வேலிமசால் விதையும்தான், மானியம் குறைவாகவே வேண்டும். நொதியைத் தடுக்கும் வேதிப்பொருளும் பாசியும் இரண்டாம் வகை; அவற்றால் ஆதாயம் பெறுவது உலகின் காற்று, செலவு செய்வதோ இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பம். டென்மார்க் 2030 முதல் கால்நடை வாயுவுக்கு வரி விதிக்க முடிவுசெய்திருப்பதுபோலத் தண்டனையாக அதை இங்கே கொண்டுவருவது சிறு விவசாயியைத் தொழிலிலிருந்து விலக்கவே செய்யும். தீவன ஆலையிலேயே கலந்து, கூடுதல் விலையை அரசோ கார்பன் வணிகமோ ஏற்று, மாட்டுக்காரருக்குப் பால் விலையோடு ஒரு தொகையாக அது வந்து சேருமானால், அப்போதுதான் சங்கத்து ஏட்டில் கொழுப்புக்கும் டிகிரிக்கும் பக்கத்தில் மீத்தேனுக்கும் ஒரு கட்டம் வரையப்படும். அதுவரை இவ்வட்டாரத்தின் ஆலோசகர்கள் முதல் வகையைச் சொல்லிக்கொடுப்பதும், இரண்டாம் வகையை இலவசமாகக் கிடைத்தாலும் புரதக் கணக்கைப் பார்த்தபின்பே பரிந்துரைப்பதும்தான் முறை.